ஞாயிற்றுக்கிழமைக்குக் கட்டம் இல்லாத கவர்

போன மாசம் ஊருக்குப் போனப்போ, சின்னமனூர்ல பெரியம்மா வீட்டு அலமாரியில இருந்து ஒரு பழைய மருந்துக் கவரை எடுத்துட்டு வந்தேன். இப்போ என் மேசை மேல இருக்கு. உள்ளங்கை அளவு வெள்ளைத் தாள். மேலே கடை பெயர், போன் நம்பர். கீழே நாலு கட்டம்: காலை, மதியம், மாலை, இரவு. அதுக்கும் கீழே ரெண்டு: உணவுக்கு முன், உணவுக்குப் பின். ‘இரவு’ கட்டத்துல நீலப் பேனாவில் 3 என்று எழுதியிருக்கு. ‘உணவுக்குப் பின்’ மேல ஒரு டிக்.

புத்தகத்துக்கும் சினிமாவுக்கும் விமர்சனம் எழுதறோம். தமிழ்நாட்டில் அன்றாடம் லட்சக்கணக்கான பேர் கையில் போகிற அச்சுப் பிரதி இந்தக் கவர்தான். இதுக்கு யாரும் விமர்சனம் எழுதினதா நான் பார்க்கலை. அதனால நான் எழுதறேன். இன்னொரு காரணமும் இருக்கு, அதைப் பிறகு சொல்றேன்.

மருந்து பற்றிய தகவல் நோயாளிக்கு எந்த வடிவத்தில் வேணும், அச்சுத் தாளா, மொபைல் திரையா என்று உலகம் முழுக்க சர்வே எடுக்கறாங்க. கொஞ்ச நாளா அந்த மாதிரிக் கட்டுரைகளைத் தேடிப் படிச்சுட்டிருக்கேன். முடிவுகள் பெரும்பாலும் நாம எதிர்பார்க்கிற மாதிரிதான். வயசானவங்க தாள் கேட்பாங்க, இளைஞர்களுக்குத் திரை போதும், நிறைய பேர் ரெண்டும் இருக்கட்டும்னு சொல்வாங்க. இதுல எனக்கு ரெண்டு சந்தேகம். சின்னது முதல்ல: ஆன்லைனில் படிவம் அனுப்பி ‘உங்களுக்கு ஆன்லைன் பிடிக்குமா’ன்னு கேட்டா, பிடிக்காதவங்க அந்தப் படிவத்துக்கே வர மாட்டாங்க. பெரிய சந்தேகம் வேற. எது பிடிக்கும்னு கேட்கணும்னா ரெண்டும் கையில் இருக்கணும். காபி, டீ ரெண்டும் இருக்கிற கடையில்தான் அந்தக் கேள்விக்கு அர்த்தம் உண்டு. தேனி மாவட்டத்து மருந்துக் கடையில் தமிழில் தாளும் கிடையாது, தமிழில் திரையும் கிடையாது.

மிகையா சொல்றேன்னு நினைக்கலாம். மாத்திரைப் பெட்டிக்குள்ள மடிச்சு வெச்ச தாள் ஒண்ணு இருக்கே? இருக்கு. மருந்து விதிகளில், இறக்குமதி மருந்தைப் பதிவு பண்றதுக்கான அட்டவணை D-II, அந்த உள்தாள் ஆங்கிலத்தில் இருக்கணும்னே சொல்லுது. உள்நாட்டு மருந்திலும் நான் பிரிச்சுப் பார்த்த தாள்கள் எல்லாம் ஆங்கிலம்தான். பலதுல முதல் வரியே, பதிவுபெற்ற மருத்துவர், மருத்துவமனை அல்லது ஆய்வகத்தின் உபயோகத்துக்கு மட்டும் என்ற பொருளில் இருக்கும். அதாவது, ‘இது உனக்கில்ல’ன்னு சொல்லித்தான் தாள் பேச்சையே ஆரம்பிக்குது.

சரி, ஆங்கிலம் தெரிஞ்சவர் படிக்கலாம்தானே? அவர் கைக்கும் வராது. ஐரோப்பாவில் மருந்து பெரும்பாலும் பெட்டியாத்தான் நோயாளி கைக்குப் போகுது. 1992ல் வந்த உத்தரவுக்குப் பிறகு பெட்டிக்குள்ள நோயாளிக்கான தாள் கட்டாயம், அதுவும் அந்த நாட்டு மொழியில். நம்ம ஊர்ல பத்து அட்டை அடுக்கின பெட்டிக்கு ஒரு தாள் இருந்தா அதிகம். நாம வாங்கறது ஒரு அட்டை, பல சமயம் அரை அட்டை. கத்திரிக்கோலால் வெட்டி, கவர்ல போட்டுக் கொடுப்பாங்க. பெட்டியும் தாளும் கடையிலேயே தங்கிடும். தினக்கூலிக்குப் போறவங்க நாலு நாளைக்கு மட்டும் மாத்திரை வாங்கறாங்கன்னா அதில் அவங்க தப்பு ஒண்ணும் இல்லை, கடைக்காரர் தப்பும் இல்லை. ஆனா வெட்டும்போது போறது தாள் மட்டும் இல்லை. மருந்தின் பெயர் ஒரு பக்கம், காலாவதித் தேதி ஒரு பக்கம்னு பிரிஞ்சிடும்.

அப்போ டிஜிட்டல்? 2022 நவம்பர் 17ல் மத்திய சுகாதார அமைச்சகம் ஒரு அறிவிக்கை வெளியிட்டுது. அதிகம் விற்கிற 300 பிராண்டுகளில் பார்கோடு அல்லது கியூஆர் கோடு கட்டாயம், 2023 ஆகஸ்ட் 1 முதல் அமல். செய்தி வந்தப்போ நான் சந்தோஷப்பட்டேன். என் தொழிலே தகவலைப் பெட்டி பெட்டியா பிரிச்சு வைக்கறதுதான். ஒரு கோடு வெச்சா அதுக்குப் பின்னாடி எத்தனை மொழி, எத்தனை குரல் வேணும்னாலும் வைக்கலாமே.

பிறகு அறிவிக்கையைப் படிச்சேன். கோட்டுக்குள்ள இருக்க வேண்டியது எட்டுத் தகவல்: தனி அடையாள எண், மருந்தின் பொதுப் பெயர், பிராண்ட் பெயர், தயாரிப்பாளர் பெயரும் முகவரியும், பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, உரிம எண். அவ்வளவுதான். எப்படிச் சாப்பிடணும், எதோட சேர்க்கக் கூடாது, என்ன நடந்தா ஆஸ்பத்திரிக்கு ஓடணும், எதுவும் இல்லை. இது போலி மருந்தைப் பிடிக்கிறதுக்கான ஏற்பாடு. அது தேவையான வேலைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனா ‘நோயாளிக்குத் தகவல்’ என்ற பெயரில் இதைக் கொண்டாடினதை என்னால ஏத்துக்க முடியலை. இன்னொண்ணும் இருக்கு. அட்டையில் இடம் பத்தலைன்னா கோட்டை வெளிப்பெட்டியில் போட்டுக்கலாம்னு அனுமதி. வெளிப்பெட்டி எங்கே தங்கும்னு மேலேயே சொல்லிட்டேன்.

இப்போ அந்த இன்னொரு காரணம்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி பெரியம்மாவுக்கு மூட்டு வீக்கம். காலையில விரலை மடக்க முடியாது, தோசைக் கரண்டி பிடிக்க முடியாது. தேனியில் ஒரு டாக்டர் முடக்குவாதம்னு சொல்லி மெத்தோட்ரெக்ஸேட் எழுதினார். இது வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் சாப்பிட வேண்டிய மருந்து. அதோட பக்க விளைவைக் குறைக்க ஃபோலிக் ஆசிட், அது மத்த நாட்களில். ‘ஞாயித்துக்கிழமை மட்டும் மூணு மாத்திரை’ன்னு டாக்டர் வாயாலும் சொன்னார், சீட்டிலும் ஆங்கிலத்தில் எழுதினார். சீட்டு ஃபைலுக்குள்ள போயிடுச்சு. கடையில் ரெண்டு மருந்தையும் வெட்டி ஆளுக்கொரு கவர்ல போட்டாங்க. ரெண்டும் சின்ன மஞ்சள் மாத்திரை.

வீட்டுக்கு வந்ததும் பெரியம்மாவுக்குக் குழப்பம். பக்கத்து வீட்டுப் பையனைப் பிடிச்சு, ரெண்டு அட்டையையும் போட்டோ எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாங்க. எங்க குடும்பத்துல மருந்துத் தாள் நான்தான். படிச்சவன், கம்ப்யூட்டர் வேலை. போட்டோவில் ஒரு அட்டை முன்பக்கம் தெரிஞ்சது, ஃபோலிக் ஆசிட்னு தெளிவா படிச்சேன். இன்னொண்ணு பின்பக்கம், வெட்டின துண்டு, சிவப்பு எச்சரிக்கைப் பெட்டியும் முகவரியும் மட்டும். மீட்டிங்கில் இருந்தேன். ரெண்டும் ஒரே மஞ்சள், ஒரே அளவு. ‘ரெண்டும் ஒண்ணுதான் பெரியம்மா, கம்பெனிதான் வேற. சத்து மாத்திரை, கவர்ல போட்டிருக்கிற மாதிரி சாப்பிடுங்க’ன்னு வாய்ஸ் மெசேஜ் அனுப்பிட்டு வேலையைப் பார்க்கப் போயிட்டேன்.

கவர்ல என்ன போட்டிருந்ததுன்னு முதல் பத்தியில் இருக்கு. இரவு, 3.

அஞ்சு ராத்திரி சாப்பிட்டாங்க. அடுத்த நாள் வாயெல்லாம் புண். மோர் குடிச்சாக்கூட எரியுதுன்னு அழுதிருக்காங்க. அக்கா கூட்டிட்டுப் போனா. டாக்டர் கவரைப் பார்த்தார், மீதி மாத்திரையை எண்ணினார், உடனே அட்மிட் பண்ணச் சொன்னார். ரத்த அணுக்கள் இறங்கியிருந்தது. மாற்று மருந்தா ஃபோலினிக் ஆசிட் கொடுத்து எட்டு நாள் வெச்சிருந்தாங்க. பிழைச்சாங்க. நான் பஸ் பிடிச்சுப் போய் நின்னப்போ, பேச முடியாத வாயோட ‘நீ ஏய்யா இவ்வளவு தூரம் வந்த, லீவு போட்டியா’ன்னுதான் கேட்டாங்க. மெசேஜை யாரும் எடுத்துக் காட்டலை. நானாத்தான் டாக்டர்கிட்ட சொன்னேன்.

இந்தச் சம்பவத்தில் தகவல் இல்லாமல் போகலை என்பதைக் கவனிங்க. டாக்டர் குரல், சீட்டில் அச்சு மாதிரி எழுத்து, கவர், போட்டோ, வாட்ஸ்அப் எல்லாம் இருந்தது. தாளும் இருந்தது, திரையும் இருந்தது. ரெண்டும் சேர்ந்துதான் தோத்துச்சு.

புரோகிராமர் கண்ணால் பார்த்தா கவரின் குறை உடனே தெரியும். அது ஒரு படிவம். ஒரு நாளை நாலாப் பிரிச்சுக் காட்டும். எல்லா மருந்தும் தினசரி மருந்துதான்னு அது முன்கூட்டியே முடிவு பண்ணிடுச்சு. ‘ஞாயிறு’ன்னு குறிக்க அதில் இடமே இல்லை. 1-0-1ன்னு சீட்டில் எழுதற முறைக்கும் இதே கதிதான். படிவத்தில் கட்டம் இல்லாத தகவல் ஓரத்துல கிறுக்கலா நிற்கும், இல்லாட்டி தொலைஞ்சே போகும். சாயங்காலக் கூட்டத்துல, கவுன்டர்ல நின்ன பையன் கட்டத்தை நிரப்பினான். கட்டம் கேட்டதை அவன் கொடுத்துட்டான். 2015ல் வந்த பார்மசி பிராக்டிஸ் விதிமுறைகளில், மருந்தாளுநர் நோயாளிக்கு அளவும் முறையும் விளக்கணும்னு இருக்கு. சீட்டு நீட்டின பத்துக் கை ஒரே நேரத்துல முன்னாடி இருக்கும்போது அந்த விளக்கம் எவ்வளவு நீளம் இருக்கும்னு நம்ம எல்லாருக்கும் தெரியும்.

மெத்தோட்ரெக்ஸேட்டைத் தினமும் சாப்பிட்டுப் பாதிப்பு வர்றது நம்ம ஊர் விஷயம் மட்டும் இல்லை. பெட்டிக்கு ஒரு தாள், தாய்மொழியில் தாள் என்று எல்லாம் இருக்கிற ஐரோப்பாவிலும் இது தொடர்ந்து நடந்தது, சாவு வரைக்கும் போனது. அதனால 2019ல் ஐரோப்பிய மருந்து முகமை சில மாற்றம் கொண்டுவந்தது. வாரம் ஒருமுறை என்ற நினைவூட்டலைப் பெட்டி மேலும் உள் பேக்கிங் மேலும் போடணும். நோயாளிக்கு ஒரு கார்டு கொடுக்கணும். மாத்திரையை டப்பாவில் கொட்டாமல் அட்டையில்தான் விற்கணும். இதை நான் படிச்சபோதுதான் அச்சா திரையா என்ற கேள்வி எனக்கு முழுசா விட்டுப்போச்சு. அவங்க தாளில் அந்த வரி ஏற்கெனவே இருந்தது. தாள் இருந்தும் போதலை. அந்த ஒரு வரியை மாத்திரைக்குப் பக்கத்துல கொண்டுவந்தாங்க. மாத்திரையை எடுக்கிற விரலுக்கும் அந்த வரிக்கும் எவ்வளவு தூரம் என்பதைத்தான் அளக்கணும். உள்தாள் கடையில். சீட்டு ஃபைலில். கியூஆர் பெட்டியில். நான் சென்னையில்.

ஐரோப்பாக்காரங்க செய்யற இன்னொண்ணு எனக்குப் பிடிச்சிருக்கு. தாளை அச்சடிக்கும் முன்னாடி சாதாரண மக்கள்கிட்ட கொடுத்துச் சோதிக்கணும்னு 2004ல் விதி சேர்த்தாங்க. ‘பிடிச்சிருக்கா’ன்னு கேட்க மாட்டாங்க. ‘ஒரு வேளை மறந்துட்டா என்ன பண்ணணும், இந்தத் தாள்ல கண்டுபிடிச்சு உங்க வார்த்தையில சொல்லுங்க’ன்னு கேட்பாங்க. 90 சதவீதம் பேர் கண்டுபிடிக்கணும், அவங்களில் 90 சதவீதம் பேர் புரிஞ்சுக்கணும் என்பது அவங்க வழிகாட்டி வெச்ச அளவு. நாங்க ஒரு ஆப்பை வெளியிடும் முன்னாடி செய்யற அதே சோதனைதான். விருப்ப சர்வேக்கள் இதைச் செய்யறதில்லை. பெரியம்மாகிட்ட கேட்டிருந்தா ‘எனக்கு போன்லயே நல்லா புரியும், தங்கச்சி மகன் சொல்லுவான்’னு சொல்லியிருப்பாங்க. சர்வேயில் டிஜிட்டலுக்கு ஒரு ஓட்டு விழுந்திருக்கும்.

இதையெல்லாம் படிச்சவன், தாள்தான் வேணும்னு கொடி பிடிக்கறேன்னு நினைக்க வேண்டாம். பள்ளத்தாக்கு மக்களுக்கு கியூஆர் புதுசு இல்லை. கம்பம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல பூக்காரம்மா கூடையில் கியூஆர் அட்டை தொங்குது. அது எப்படி இவ்வளவு சீக்கிரம் ஒட்டிக்கிச்சு? பக்கத்துல ஒரு சின்னப் பெட்டி, காசு வந்ததும் எவ்வளவுன்னு தமிழில் சத்தமா சொல்லுது. அந்தம்மா திரையைப் பார்க்கவே வேண்டாம். மருந்து அட்டையும் அப்படிப் பேச முடியும். தொழில்நுட்பத்துல தடை ஒண்ணும் கிடையாது. எழுத்தைப் பெருசாக்கலாம், கண் தெரியாதவருக்கு வாசிச்சுக் காட்டலாம், புது எச்சரிக்கை வந்தா அன்னைக்கே மாத்தலாம். தாளால் இது எதுவும் முடியாது. ஆனா விடியும் முன்னாடி ஜீப்பில் கம்பம்மெட்டும் போடிமெட்டும் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போறவங்களுக்கு, மதியம் மாத்திரை போடற நேரத்துல சிக்னல் இருக்கும்னு உத்தரவாதம் இல்லை. வீட்டுக்கு ஒரு போன் என்றால் அது யார் கையில் இருக்கும்னும் யோசிக்கணும்.

ஜப்பான் உதாரணத்தைச் சொல்றவங்க பாதிதான் சொல்றாங்க. 2021 ஆகஸ்ட்டில் அங்கே மருத்துவர்களுக்கான உள்தாளைப் பெட்டியிலிருந்து எடுத்து மின்வடிவத்துக்கு மாத்தினாங்க, ரெண்டு வருஷ அவகாசத்தோட. உண்மைதான். ஆனா நோயாளிக்கு மருந்துக் கடையில் மருந்து விவரம் அச்சடிச்ச தாள் கொடுக்கிற வழக்கம் தொடருது, மருந்துக் குறிப்பேடும் இருக்கு. டாக்டருக்குத் திரை, நோயாளிக்குத் தாள் என்று ஆள் பார்த்துப் பிரிச்சாங்க.

நம்ம நாட்டுச் சட்டத்துக்குத் தமிழில் தாள் அச்சடிக்கத் தெரியாதுன்னு யாராவது சொன்னா, சுருளிப்பட்டி பக்கம் பெரியப்பாவோட திராட்சைத் தோட்டத்து மோட்டார் ரூமுக்கு அவரைக் கூட்டிட்டுப் போகணும். பூச்சிமருந்து டப்பாவோட வர்ற துண்டுத்தாள் அங்கே ஆணியில் குத்தி வெச்சிருக்கு. 1971ம் வருஷத்துப் பூச்சிக்கொல்லி விதிகள்படி லேபிளும் துண்டுத்தாளும் இந்தி, ஆங்கிலம், அதோட விற்கிற பகுதியின் ஒண்ணு ரெண்டு மொழியில் இருக்கணும். எப்படிக் கலக்கணும், விஷம் ஏறினா என்ன அறிகுறி, மாற்று மருந்து என்ன, எல்லாம் தமிழில். டப்பாவில் ஒரு சாய்சதுரம், அதன் கீழ்ப்பாதி நிறம் விஷத்தின் அளவு: சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை. அந்தத் தாளின் தமிழ் படு மோசம், எழுத்து எறும்பு சைஸ், பெரியப்பா அதைப் படிச்சதே இல்லை. டேங்குக்கு எவ்வளவுன்னு கடைக்காரர் சொல்றதுதான் கணக்கு. ஆனா நிறம் அவருக்குத் தெரியும். ‘செவப்புன்னா அன்னைக்கு வேற ஆளை உள்ள விடமாட்டேன்’ என்பார். கொடியில் தெளிக்கிற மருந்துக்கு 1971லேயே தமிழ் கிடைச்சது. அதே வீட்டுல வாயில் போடற மருந்துக்கு இன்னும் கிடைக்கலை. இதுக்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியலை.

ஒரு விஷயத்தை ஒத்துக்கணும். தமிழில் அச்சடிச்ச தாள் இருந்திருந்தாலும் ‘ஞாயித்துக்கிழமை மூணு’ன்னு அதில் இருந்திருக்காது. மருந்தைப் பற்றிய பொதுத் தகவல் வேற, எனக்கான கட்டளை வேற. முதலாவது கம்பெனி எழுதணும், தமிழில், தாளோ குரலோ அவங்க இஷ்டம். ரெண்டாவது கடையில், கவர் மேல எழுதப்படணும். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021ல் ஆரம்பிச்ச பிறகு சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருது. கொண்டுவர்ற அக்கா ஒவ்வொண்ணா எடுத்து, ‘இது வெறும் வயித்துல, இது ராத்திரி’ன்னு சொல்லிட்டுப் போறதைத் தெருவுல பார்த்திருக்கேன். ரெண்டாவது வேலையை நல்லா செய்யற ஆள் அவங்கதான். அவங்க பையில தமிழ்ச் சீட்டு ஒண்ணு இருந்தா, அவங்க போன பிறகும் அந்தப் பேச்சு வீட்டுல இருக்கும்.

நான் ஒரு கவர் வடிவமைச்சேன். நாலு கட்டத்துக்கு மேல ஞாயிறு முதல் சனி வரை ஏழு வட்டம், ‘தினமும்’னு தனியா ஒண்ணு. நூறு அச்சடிச்சு ஊர்ல ஒரு கடையில கொடுத்தேன். அண்ணன் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ‘நல்லாத்தான் தம்பி இருக்கு. நிக்கிற கூட்டத்துல இதுல எங்க டிக் போடறதுன்னு எங்க பையன் தேடணும். நான் ஒண்ணு பண்றேன், வார மாத்திரைன்னா செவப்புப் பேனால பெருசா எழுதிடறேன்’னார். என் டிசைனை விட அது மேல்னு ஒத்துக்கிட்டேன். நூறு கவரும் அவர் கல்லாவுக்குக் கீழேதான் இருக்கு.

பெரியம்மாவுக்கு ரெண்டு மாசம் கழிச்சு டாக்டர் அதே மருந்தைக் குறைஞ்ச அளவில் திரும்ப ஆரம்பிச்சார். இந்தத் தடவை அவங்க என்கிட்ட போட்டோ அனுப்பலை. அடுப்படிச் சுவத்துல தினசரி காலண்டர் ஆணியில ஒரு பிளாஸ்டிக் பை தொங்குது, உள்ள அந்த அட்டை. தேதி கிழிக்கும்போது தாள் சிவப்பா வந்தா அன்னைக்கு மாத்திரை. பார்த்ததும் எனக்குள்ள இருந்த டெஸ்டர் முழிச்சுக்கிட்டான். ‘பெரியம்மா, பொங்கலுக்கும் தீபாவளிக்கும்கூடச் சிவப்புலதான் அடிப்பான்!’

‘போடா, பொங்கல் என்னைக்குன்னு எனக்குத் தெரியாதா’ன்னாங்க.